உதடு படாமல்

2025 செப்டம்பர் 11, வியாழன்

இன்று என் கணவருடைய திதி. ஐயர் தாமதமாக வந்து, விட்ட நேரத்தை மந்திரத்தில் பிடித்துவிட்டார். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் அவருடைய தங்கை மகன் உமாசங்கர் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவன்; நடுவில் இரண்டு முறை போனை எடுத்து, ‘ரூம் இல்லைங்க, ரூம் இல்லைங்க’ என்றான். தமக்குச் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ளாமலிருக்க வேண்டும்.

ஸ்ரீமதி நேற்றே நாசிக்கிலிருந்து வந்துவிட்டாள். மாப்பிள்ளை சுஹாஸ் போன ஆண்டுத் தொடக்கத்தில் இறந்த பிறகு அவள் இங்கே வருவது இதுவே முதல் முறை. மெலிந்திருக்கிறாள். நான் அதைச் சொல்லவில்லை. கண்ணாடி அவள் வீட்டிலும் இருக்கும்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவே ஆறு பாட்டில் ஒயின். மூன்றில் ‘1’ என்றும் மூன்றில் ‘2’ என்றும் எழுதி ஒட்டியிருந்தது. திதி நடந்த வீட்டில், அதே நாளில்! அவருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கும்.

“ஒண்ணு ஒன் மாப்பிள்ள கடைசியாப் பண்ணினது. இன்னொண்ணு அவர் போன பெறவு நான் தனியாப் பண்ணினது. எது யாரோடதுன்னு சொல்ல மாட்டேன். நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு.”

“நான் குடிக்கதா?”

“அங்க எல்லாரும் ஒன்னோடது நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொல்லுதாவ. புருசன் செத்தவகிட்ட வேற என்ன சொல்லுவாவ? நீதாம்மா அப்பா எழுதின கவிதையவே மூஞ்சிக்கு நேரா நல்லால்லன்னு சொன்னவ.”

“அது நல்லாத்தான் இல்ல.”

“அதான் சொல்லுதேன்.”

விஷயம் இதுதான். ஒரு பெரிய கம்பெனி அவளுடைய திராட்சைத் தோட்டத்தையும் அதை ஒட்டிய சிறு ஆலையையும் கேட்கிறது. இந்த ஆண்டு பழத்தை அவள் ஒயினாக்கவே இல்லை; அப்படியே விற்றுவிட்டாள். தன் கைப்பாகம் சுஹாஸுடையதன் பக்கத்தில் நிற்கவில்லையென்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இங்கே, இலஞ்சிக்கே, வந்துவிடுவாளாம். நின்றால் அடுத்த அறுவடையைத் தானே செய்வாளாம்.

நான் படிக்காமல் பரீட்சை எழுதுவதில்லை என்றேன். எடுத்துக்கொள் என்றாள். பாட்டில்களைப் புத்தக அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன், வேதியியல் ஆய்விதழ்களுக்குப் பின்னால். அவற்றை இனி யாரும் புரட்டப் போவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஸ்ரீமதி பொதிகையில் கிளம்பினாள். தென்காசி ஸ்டேஷனில், “தைரியமாச் சொல்லும்மா. எதுன்னாலும் சரி,” என்றாள். நான் எப்போது தைரியமில்லாமல் சொன்னேன்?

அவள் தோட்டத்துக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், கல்யாணமான மூன்றாம் ஆண்டில். போகும்போது என் தண்ணீரை என் கூஜாவிலேயே கொண்டுபோனேன். சுஹாஸ் ஒரு கிண்ணியில் சிவப்பாக ஏதோ ஊற்றி நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுத் தாமே குடித்தார். நல்ல மனிதர்தான். அதற்காக நான் குடித்திருக்க வேண்டும் என்பதில்லை.

செப்டம்பர் 20, சனி

ஒரு வாரமாக வாசிப்பு. டானின், டார்டாரிக் அமிலம், நொதித்தல் – இவையெல்லாம் முப்பது ஆண்டுக்கு மேல் மாணவிகளுக்கு நான் நடத்தியவை. தெரியாதது, இவற்றை வாயில் வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது.

அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளைக்காரர் கிளாஸைச் சுழற்றுகிறார். தொட்டித் தண்ணீரில் எருமை மூக்கை விடுவதுபோல் மூக்கை உள்ளே விடுகிறார். உதட்டைக் குவித்து உறிஞ்சுகிறார். வாய்க்குள் கொப்பளித்துப் பக்கத்திலிருக்கும் வாளியில் துப்புகிறார். துப்பியதைப் பார்த்துத் தலையசைக்கிறார். இதைப் பத்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஒப்பனை எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது என் வேலை. ஆய்வகத்தில் எந்தத் திரவத்தையும் மூக்கில் வைத்து முகரக் கூடாது. கையால் விசிறி ஆவியை நம் பக்கம் தள்ள வேண்டும். அதுவே போதும். அடுத்து, குடிக்கும் முறை. எங்கள் வீட்டில் தம்ளர் யார் உதட்டிலும் பட்டதில்லை. தண்ணீரானாலும் காபியானாலும் தூக்கிப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான். இந்த ஒழுக்கம் யாரைத் தள்ளிவைக்க ஏற்பட்டது என்பது எனக்குத் தெரியும். மேடையில் அதைக் கண்டித்துப் பேசியும் இருக்கிறேன். பேசிவிட்டு, மேடையில் வைத்திருந்த தண்ணீரையும் அண்ணாந்துதான் குடித்தேன். புத்தி மாறிவிட்டது, கை மாறவில்லை.

எப்படியும் இதனால் ருசி மாறாது. நாக்கு நாக்குதான்.

அக்டோபர் 3, வெள்ளி

பயிற்சிக்கு வேறு பாட்டில்கள் வேண்டும். மகளுடையதை வீணாக்க முடியாது. உமாசங்கரிடம் போன வாரமே சொல்லியிருந்தேன். இன்று மஞ்சள் பையில், மேலே முருங்கைக்காயைச் செருகிக்கொண்டு வந்தான்.

“அத்த, நெசமா ஒங்களுக்குத்தானா?”

“பின்ன, ஒங்க மாமாவுக்கா?”

“இல்ல, கடையில நிக்கும்போது நம்ம தெரு நாகராஜன் அண்ணாச்சி பாத்துட்டாவ. ‘என்னடே, ஒயின் எல்லாம் வாங்குத, ஒடம்புக்கு முடியலியா’ன்னு கேக்காவ. அத்தைக்குன்னு சொல்லவா முடியும்? ஆமா அண்ணாச்சி, ரத்தம் கம்மின்னு சொல்லிட்டேன்.”

ஊருக்குள் இனி அவனுக்கு ரத்தசோகை.

முதல் பாட்டில்: இருமல் மருந்து, அதுவும் பழைய இருமல் மருந்து. இரண்டாவது பாட்டில்: அதே இருமல் மருந்து, சர்க்கரை குறைவு. தலை லேசாகச் சுற்றியது. எட்டு மணிக்குள் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

பாத்திரம் துலக்க வரும் மாடத்தி காலிப் பாட்டில்களைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஆச்சி, இத எங்கன கொண்டு போட? குப்ப வண்டில போட்டா அந்தப் பிள்ளைக கேக்கும்லா, யாரு வீட்டுதுன்னு?”

“என் வீட்டுதுன்னு சொல்லு.”

“நம்பாதுவ. நாந்தான் குடிச்சேம்பாவ.” சிறிது யோசித்துவிட்டு, “குடுங்க, நல்லெண்ணெ ஊத்தி வச்சுக்கிடுதேன். கண்ணாடி நல்ல கனமாத்தான் இருக்கு,” என்று இரண்டையும் எடுத்துப் போனாள். ஆக, ஒயினைப் பற்றி இந்த வீட்டில் இதுவரை சொல்லப்பட்ட ஒரே நல்ல வார்த்தை பாட்டிலைப் பற்றியது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. ஸ்ரீமதி போனில் பாட்டிலைத் திறந்தாயா என்று கேட்டாள். பாடம் இன்னும் முடியவில்லை என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஒழுங்காகத்தான் செய்கிறேன். காலை பத்து மணி; வாய் கொப்பளித்த பிறகு; அதற்கு முன் காபி, வெங்காயம், ஊறுகாய் எதுவும் இல்லை. உமாசங்கர் இதுவரை கொண்டுவந்தவை நான்கு வகை. வீடியோக்காரர்கள் சொல்லும் சொற்களை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுகிறேன்: செர்ரி, தோல், புகையிலை, பென்சில் சீவல், காட்டுப் பூ. செர்ரியை நான் கேக்கின் மேல்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே நமக்குத் தெரிந்தவற்றால் மாற்றி எழுதிக்கொண்டேன்: நாவற்பழம், புளியம்பிஞ்சு, கடுக்காய், மிளகு, முதல் மழையில் நனைந்த மண்.

எதுவும் கிடைக்கவில்லை. தொண்டையில் ஒரு புளிப்பு, நெஞ்சில் ஒரு சூடு. அவ்வளவே. நான்கு வகைக்கும் நிறத்தைத் தவிர வேறு வேற்றுமை தெரியவில்லை.

என் முடிவு: ஒன்று, எனக்கு ருசி உணர்வு போய்விட்டது, அல்லது இது முழுக்க முழுக்கச் சொற்களால் கட்டப்பட்ட வியாபாரம். முதலாவதைச் சோதிக்க மதியம் வத்தக்குழம்பு வைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். வெந்தயம் ஒரு சிட்டிகை கூடுதல் என்று உடனே தெரிந்தது. ஆகவே இரண்டாவதுதான்.

நவம்பர் 17, திங்கள்

உமாசங்கர் மாலை போட்டுவிட்டான். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். வாசலிலேயே நின்றான்.

“சாமி சரணம் அத்த. இனி மகரவிளக்கு வரைக்கும் அந்த பாட்டில நான் கையால தொட மாட்டேன்.”

“தொடாண்டாம். வாங்கியாச்சும் குடு. கடைக்காரன் பையில போட்டுத் தருவான்.”

“அத்த! சாமியப் போய்க் கடைக்கு அனுப்புதீயளே.”

லாட்ஜ் முழுக்க ஐயப்ப பக்தர்கள். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அறையெடுத்தவர்கள் எல்லாரும் அவனைத் திட்டுகிறார்கள். பயிற்சி இத்துடன் நின்றது. இனிப் பரீட்சைதான்.

நவம்பர் 20, வியாழன்

திறந்தேன். முதலில் 1. கையால் விசிறி முகர்ந்தேன். தம்ளரைத் தூக்கி ஊற்றினேன். வாய் கொப்பளித்தேன். பிறகு 2. அரை மணி விட்டு மீண்டும் மாற்றிச் செய்தேன்.

1: புளிப்பு. 2: புளிப்பு, சற்றே கூடுதல் துவர்ப்பு. வேறு எதுவும் இல்லை. உமாசங்கர் கொண்டுவந்த நான்கிலிருந்து இவற்றைப் பிரித்தறியும்படி எதையும் நான் காணவில்லை.

சுஹாஸ் இருபது ஆண்டு உழைத்தது இதற்குத்தானா?

நவம்பர் 21, வெள்ளி

போனில் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. ரெண்டுமே புளிச்ச சாயத் தண்ணி மாதிரித்தான் இருக்கு.”

டிராக்டர் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்.

“அவரோடதுமா?”

“அவரோடது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டும்தான்.”

“சரிம்மா.” பிறகு, “நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். பொங்கலுக்கு முன்ன கையெழுத்துப் போட்டுக் குடுத்துருதேன்.”

கேட்டாள், சொன்னேன். அவள் வருவது எனக்குச் சௌகரியம் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அந்தச் சௌகரியத்துக்காக நான் அப்படிச் சொல்லவில்லை, ருசித்ததைச் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது மனது லேசாக இருந்தது. இரண்டும் உண்மை.

நவம்பர் 26, புதன்

மாடி அறைக்கு வெள்ளையடிக்க மணிமுத்துவிடம் சொல்லியிருந்தேன். மழைக்கு நடுவே வந்து அடித்துக்கொண்டிருக்கிறான். “அக்கா ஒரேயடியா வாராவளா ஆச்சி?” என்றான். ஆமாம் என்றேன். அந்தச் சொல் வாய்க்கு நன்றாக இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

புறவாசலில் பாசியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் விரிசல். தென்காசியில் மாவுக்கட்டு போட்டார்கள். இதை இடது கையால் எழுதுகிறேன். என் எழுத்து இவ்வளவு பணிவாக எப்போதும் இருந்ததில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

இடது கையால் தூக்கி ஊற்ற முடியவில்லை. நேற்றும் முந்தாநாளும் காபி மூக்கில், கழுத்தில், சேலையில். இன்று மாடத்தி பொறுமையிழந்துவிட்டாள்.

“வாய் வச்சுத்தான் குடிங்களேன் ஆச்சி. ஒங்க எச்சிய நீங்களே குடிக்கதுக்கு என்ன?”

குடித்தேன். எழுபத்தைந்து வயதில் முதல் முறையாகத் தம்ளரில் உதட்டை வைத்தேன். காபி வேறு மாதிரி இருந்தது. புதிய தூளா என்று கேட்டேன். இல்லையாம், அதே தூள், அதே பால்.

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டு நாளாகச் சோதிக்கிறேன். ரசம், மோர், சுக்குக் கஷாயம் எல்லாம் உதட்டில் வைத்து. ஒவ்வொன்றும் வேறாக இருக்கிறது. மோரில் எருமைப் பாலின் வாடை வருகிறது. இவ்வளவு காலமாக அதைப் பசு மோர் என்றல்லவா வாங்கிக்கொண்டிருக்கிறேன்?

யோசித்தால் இது மிகச் சாதாரணம். தூக்கி ஊற்றினால் திரவம் நாக்கின் நடுவில் விழுந்து நேரே தொண்டைக்குள் போய்விடுகிறது. மடக்கென்று விழுங்கவும் வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் புரையேறும். நாக்கின் விளிம்பு நனைவதில்லை. மூக்கோ தம்ளருக்கு ஒரு சாண் தள்ளி அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காபி சூடாக இருப்பதால் மணம் தானே எழும்பி வந்துவிடும். ஒயின் ஆறிக் கிடப்பது, அது எழும்பாது, நாம்தான் குனிய வேண்டும். வத்தக்குழம்பை நான் மென்று தின்றேன். அதனால் வெந்தயம் தெரிந்தது. இதை முதலாண்டு மாணவிகூடச் சொல்லுவாள்.

அப்படியென்றால் – நான் ஒயினைக் குடிக்கவே இல்லை. தொண்டையில் கொட்டியிருக்கிறேன்.

ஐயோ, என்ன காரியம் செஞ்சிட்டேன். அந்தப் பிள்ள நான் சொன்னத நம்பி – ‘நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்’னு – கையெழுத்துப் போடப் போறா. மாப்பிள்ள செஞ்சதையும் சேத்துல்லா சாயத் தண்ணின்னு சொல்லிட்டேன். செத்துப்போன மனுஷன். என் நாக்குல இடி விழ. அது நாக்கே இல்லையே, வெறும் வாய்க்கால்.

டிசம்பர் 11, வியாழன்

முந்தாநாளைக்கு இன்று நிதானம்.

பக்கத்து வீட்டு ஜாயைக் கூப்பிட்டேன். ஒற்றைக் கையால் கார்க்கைப் பிடுங்க முடியாது. செங்கோட்டைக்கு அப்பால் கேரளத்தில் பிறந்தவள், இங்கே பள்ளியில் கணக்கு வாத்தியார். அவள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம் ஊறுவது தெருவுக்கே தெரியும். அவளுடைய வயிறு பெருத்த கண்ணாடிக் கிளாஸ்கள் இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன்.

“ஆச்சி, எனக்கு ஒங்க வீட்டுல ஒரு பச்சத் தண்ணிகூடத் தந்ததில்ல. இன்னைக்கி ஒயினா? கொள்ளாம், நல்லாருக்கே!”

“நீ கேட்டதில்ல.”

“பயந்துட்டுத்தான்.”

மூக்கை உள்ளே விட்டேன், எருமையேதான். கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். விழுங்காமல், அசையாமல்.

1: முதலில் நாவற்பழம், நன்றாகப் பழுத்து மண்ணில் விழுந்தது. அதன் பின்னால் மிளகு. பிறகு, வெகு நேரம் கழித்து, வெயிலில் உலர்த்திய புளியின் மெல்லிய இனிப்பு. அவசரமில்லாத பொருள். எங்கே முடிகிறது என்று தெரியாமல் முடிந்தது.

2: இதுவும் நாவற்பழம்தான், ஆனால் கையை நீட்டிக் கொடுக்காமல் முகத்தில் எறிந்ததுபோல. நனைந்த மண் உண்டு. முதலாவதைவிட ஆழம் அதிகம், நெடு நேரம் நிற்கிறது. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு பச்சைக் கசப்பு. அது என்ன? மூன்று வாய் குடித்த பிறகுதான் பிடிபட்டது: அகத்திக் கீரையைக் காம்பு கிள்ளாமல் சமைத்தால் வருவது. காம்பு. திராட்சைக் காம்பு.

“எதுக்கு ஆச்சி கண்ண மூடிட்டிருக்கீங்க? மயக்கமா?” என்றாள் ஜாய்.

“சும்மா இரு.”

“எனக்கு மொத கிளாஸுதான் இஷ்டம். சுகமா எறங்குது.”

எனக்கும் முதலாவதுதான் நல்லதென்று தெரிந்தது. ஆனால் இன்னொரு வாய் வேண்டும் என்று கை போனது இரண்டாவதற்கு. வாளி வைத்திருந்தேன். துப்பவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

ஸ்ரீமதிக்கு இன்னும் போன் செய்யவில்லை.

டிசம்பர் 13, சனி

இன்றும் இல்லை. மணிமுத்து மாடி அறை ஜன்னலுக்குப் பச்சை அடித்து முடித்தான். அங்கிருந்து பார்த்தால் தென்னந்தோப்புக்கு மேலே மலை முழுதாகத் தெரிகிறது. அவளுக்குப் பிடிக்கும்.

டிசம்பர் 15, திங்கள்

ஒன்றும் சொல்லாமலிருப்பது பொய் சொல்வதாகுமா? ஆகாது என்று வாதிட என்னால் முடியும், நன்றாகவே முடியும். அவள் நாற்பத்தேழு வயதில் தனியாகக் கிடந்து ஏன் சாக வேண்டும்? இங்கே வந்து ஏதாவது பள்ளியில் வேலை பார்க்கலாம். மணிக்கட்டு உடைந்தால் எனக்கும் ஓர் ஆள்.

இந்த வாதத்தில் எல்லாமே சரி. ஒரே குறை, அவள் கேட்ட கேள்வி இது இல்லை.

டிசம்பர் 17, புதன்

போன் செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: அண்ணாந்து குடித்தது, மாவுக்கட்டு, காபி, ஜாயின் கிளாஸ்.

“ஒயின… அண்ணாந்தா குடிச்ச?”

“ஆமா.”

“கத கட்டாதம்மா. போன மாசம் சாயத் தண்ணின்னு சொன்ன. இப்ப ரெண்டும் நல்லாருக்குங்குத. நீயும் இவங்கள மாதிரி ஆயிட்ட பாத்தியா. பாவம், தனியாக் கெடக்கா, மனசு நோகாமச் சொல்லுவோம்னு. ஒங்கிட்ட கேட்டதே அதுக்கில்ல.” குரல் உடைந்தது. “ஜாய் அக்கா சொல்லித் தந்தாவளா, இப்படிப் பேசச் சொல்லி?”

எழுபத்தைந்து ஆண்டு சேர்த்த ஒரே சொத்து, நான் பொய் சொல்ல மாட்டேன் என்ற பெயர். அது ஒரு தம்ளரில் போயிற்று என்று நினைத்தேன்.

“ரெண்டும் நல்லாருக்குன்னு யாரு சொன்னா? முழுசாக் கேளு. ஒண்ணாம் நம்பர் அவரோடது. அது நல்லாருக்கு. ரெண்டாம் நம்பர் ஒன்னோடது. அதுல காம்பு கெடந்திருக்கு.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“யாரு சொன்னா?”

“நாக்கு.”

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். “ஆள் இல்லம்மா. அவர் காரியம் முடிஞ்ச கையோட அறுப்பு. பழத்த உதுத்துக் காம்பு பெறக்க ஆள் கெடைக்கல. கடைசி லோடு பழத்த அப்படியே காம்போட போட்டு மிதிச்சுட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது. அவரோட அண்ணனுக்குக்கூடத் தெரியாது. எத்தன பேரு குடிச்சாவ, ஒருத்தர் சொல்லல.”

“தெரியாம இருந்திருக்காது. சொல்லிருக்க மாட்டாவ.”

“காம்பு இல்லாம இருந்தா?”

“அவரோடத விட நல்லா வந்திருக்கும்.”

“இப்ப?”

“இப்ப இல்ல.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷமாகவும் இருக்கலாம், அங்கே இப்போது குளிர் அதிகம்.

“ஆனா,” என்றேன். இந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குத்தான் ஆறு நாள் ஆகியிருக்கிறது. “பாட்டில்ல மிச்சம் இருந்ததுல நான் மறுபடி ஊத்திக் குடிச்சது ஒன்னோடதத்தான்.”

டிசம்பர் 25, வியாழன்

ஜாய் கேக்கும் அவள் வீட்டுத் திராட்சை ரசமும் கொண்டுவந்தாள். எப்படி ஆச்சி என்று கேட்டாள். கிராம்பு அதிகம், சர்க்கரை மிக அதிகம், ஈஸ்ட் வாடை போகவில்லை என்றேன். “அடுத்த வருஷம் ஒங்களுக்குக் கிடையாது,” என்று சொல்லிவிட்டு, கிளாஸை நிரப்பினாள்.

2026 ஜனவரி 12, திங்கள்

கையெழுத்து நாள். கம்பெனிக்காரர்கள் காரில் வந்தார்களாம். ஸ்ரீமதி டீ போட்டுக் கொடுத்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, திரும்ப அனுப்பிவிட்டாளாம். “கோவிச்சுக்கிட்டுப் போறாங்க,” என்றாள். போகட்டும் என்றேன்.

இந்த முறை எத்தனை ஆள் கூப்பிட்டிருக்கிறாள் என்று கேட்டேன். பழம் உதிர்க்க மட்டும் ஒரு கூட்டமே வருகிறதாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தனிப் பானை. மாடி அறை பூட்டியிருக்கிறது. சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை பழையபடி தூக்கும் என்கிறார் டாக்டர்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அறுவடை தொடங்கிவிட்டது என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். கேள்வி எதுவும் இல்லை. நானும் பதில் எழுதவில்லை, எழுதினால் அறிவுரையாகிவிடும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மதியம் ஸ்ரீமதி அழைத்தாள். “யம்மா, ஒரு நிமிஷம், ஒண்ணு கேக்கணும்,” என்று தொடங்கினாள். அதற்குள் அவள் பக்கம் யாரோ எதையோ கீழே போட்டார்கள். போனை எங்கேயோ வைத்துவிட்டு மராத்தியில் கத்தத் தொடங்கினாள். நல்ல உரத்த கத்தல், என்னிடமிருந்து வந்தது. பிறகு பெண்கள் பேச்சு, பெட்டிகள் இழுபடும் சத்தம், ஒரு நாய். யாரோ ஏதோ சொன்னார்கள். என் மகள் சிரித்தாள்.

ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கியது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டேன். நான் லைனில் இருப்பதை அவள் மறந்துவிட்டாள் என்பது சிறிது நேரத்தில் உறுதியானது.

நானே துண்டித்தேன். மாலை வரை அவள் திரும்ப அழைக்கவில்லை. என்ன கேட்க வந்தாளோ, அதை அவளே முடிவு செய்துகொண்டிருப்பாள்.